ஏரிக்கரை நடைபாதைக்கு கல்லை சலிச்சுப் போடுங்க சார்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரிக்கரை நடைபாதை கதை உங்களுக்கு தெரிஞ்சதுதான். பழைய பஸ் ஸ்டாண்டை இடிச்ச கல்லு மண்ணை வச்சே பாதை போடப்போறோம்னு சொன்னப்ப எங்க தெருவுல மொதல்ல சந்தோஷப்பட்டவன் நான்தான், இதுக்காக இன்னொரு மலையை உடைச்சு ஜல்லி எடுக்க வேண்டாம்ல. ஆனா லாரி லாரியா கொண்டாந்து அப்படியே கொட்டி, ஜேசிபி வச்சு நிரவி, மேல கொஞ்சம் கிராவல் தூவிட்டு போயிட்டாங்க. ரெண்டு மழையில கிராவல் கரைஞ்சு ஏரிக்குள்ள போயிடுச்சு, இப்ப மேல நீட்டிக்கிட்டு இருக்கிறது பாத்ரூம் டைல்ஸ், கண்ணாடி, துருப்பிடிச்ச கம்பி.

எங்க அம்மாவுக்கு 16 வருஷமா சுகர், பாதம் ரெண்டும் மரத்துப்போச்சு. தினம் அரைமணி நேரம் நடங்கனு டாக்டர் சொன்னதால அங்கதான் போவாங்க. போன செவ்வாய்க்கிழமை நடந்துட்டு வந்து வாசல்ல செருப்பை கழட்டுறாங்க, உள்ள பூரா ரத்தம். டைல்ஸ் சில்லு ஒண்ணு செருப்பை துளைச்சு குதிகால்ல ஏறியிருக்கு, அவங்களுக்கு தெரியவே இல்ல, அதோட எவ்ளோ தூரம் நடந்தாங்களோ. "ஏன்டா தரையெல்லாம் செவப்பா இருக்கு"னு என்னையே கேட்டாங்க சார். இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங், நடை நின்னுபோச்சு, சுகர் ஏறிக்கிட்டே இருக்கு.

பழைய பொருள் மேல தப்பே இல்ல. கான்கிரீட் துண்டை கிரஷர்ல போட்டு உடைச்சு, காந்தம் வச்சு கம்பியை எடுத்துட்டு, சலிச்சு, தண்ணி விட்டு ரோலர் ஓட்டினா பாதையோட அடி அடுக்குக்கு அது நல்ல ஜல்லி. கான்கிரீட், மண்ணு, இரும்பு, செங்கல் எல்லாத்தையும் தனித்தனியா பிரிக்கணும்னு 2016-ல வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க. சென்னையில பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் இதை பிரிச்சு உடைக்கவே ஆலை வச்சிருக்காங்க. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் வாசுதேவன் சார் குப்பையில போற பிளாஸ்டிக்கை ரோடாவும் தளக்கல்லாவும் மாத்திக் காட்டி 2018-ல பத்மஸ்ரீ வாங்கினாரு. நம்ம நாட்டுல தெரியாத வேலை இல்ல இது. நான் கேக்குறது அவ்ளோதான், பிரிச்சு, உடைச்சு, சலிச்சுப் போடுங்க.

அதுக்கு பணம் இல்லன்னு எங்க வார்டு ஆபீஸ்ல சொன்னாங்க. ஆனா அதே கரையில செல்ஃபி எடுக்க கலர் லைட் போட்ட எழுத்து பலகை வச்சிருக்கீங்க, திறப்பு விழாவுக்கு பந்தல் போட்டீங்க, அதுக்கெல்லாம் பணம் எங்கேர்ந்து வந்துச்சு? காலையில அங்க நடக்குறவங்கள்ல பாதிப் பேரு அறுபது தாண்டினவங்க, அவங்க காலைப் பத்தி ஒருத்தருக்கும் நினைப்பு வரலையா?

கோபத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். தயவுசெஞ்சு அந்த கல்லை அள்ளி, சலிச்சு, திரும்பப் போடுங்க. அதுக்கு நாளாகும்னா மதகுல இருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் இருக்கிற துண்டுலதான் கண்ணாடி அதிகம், அதை மட்டுமாவது நாளைக்கே கயிறு கட்டி அடைக்கச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி