'ஐ7' என்று மட்டும் போட்டால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் நாளிதழின் மாணவர் பக்கத்தில், செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்களுக்கு யோசனை சொல்லியிருந்தீர்கள். பேட்டரி, கீபோர்டு, திரையில் விழும் கோடு எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. கணினியின் மூளையான பிராசஸரை மட்டும், இன்டெல் கம்பெனியின் வகைப் பெயர்களை வைத்து, 'ஐ5ஐவிட ஐ7 வேகம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இதே பேச்சை நம்பித்தான் என் அக்கா 19,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் பட்டுக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம், வீடியோ வேலையெல்லாம் 2012இல் வாங்கிய டெஸ்க்டாப்பில்தான். உள்ளே இருக்கும் பிராசஸர் இன்டெல் ஐ5-2400. அக்கா மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்கு வாங்கிய லேப்டாப்பில் ஐ7 ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. நாலே நாளில், "மாமா, வீட்டு பிளானை 3டியில் ரெண்டர் போட்டா இது அப்படியே நிக்குது" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சரி, பார்த்துவிடலாம் என்று இரண்டையும் ஒரே மேசையில் வைத்தேன். இரண்டிலும் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு இரண்டிலும் கிடையாது. ஒரே வளைகாப்பு வீடியோவை ஒரே சாஃப்ட்வேரில் ஓடவிட்டேன். டெஸ்க்டாப் 14 நிமிடத்தில் முடித்தது. லேப்டாப்புக்கு 22 நிமிடம். பிராசஸர் ஓடும் வேகத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லேப்டாப் 2.9 கிகா ஹெர்ட்ஸில் ஜோராகத் தொடங்கியது. மூன்றாவது நிமிடம் ஃபேன் இரையத் தொடங்கி, கீபோர்டின் மேல் ஓரத்தில் விரல் வைக்க முடியாத சூடு. 2.4க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. டெஸ்க்டாப் கடைசி வரை 3.2ஐ விட்டு இறங்கவில்லை.

லேப்டாப்பில் இருந்தது ஐ7-5500யூ, 2015இல் வந்தது. கோர் என்றால் பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. இந்த ஐ7இல் உண்மையில் இரண்டே கோர்தான். ஒரு கோரே ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கையாளும் ஹைப்பர் த்ரெடிங் இருப்பதால் விண்டோஸில் நான்கு போலத் தெரியும். 2011இல் வந்த என் ஐ5-2400இல் நான்கும் முழு கோர். மின்சாரம், சூட்டுக் கணக்கில் அது 95 வாட் வகை, லேப்டாப்பில் இருப்பது 15 வாட் வகை. லேப்டாப்பின் பிராசஸர் நான்கு வருடம் புதியது என்பதால் ஒவ்வொரு கோரும் அதே வேகத்தில் கொஞ்சம் கூடுதல் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் நீண்ட நேர வேலையில் கோர் பாதியாக இருப்பதையும் இந்தச் சூட்டையும் அது ஈடுகட்டாது. டைப் அடிக்க, பாட வீடியோ பார்க்க இந்த லேப்டாப் தாராளமாகப் போதும். கரண்ட் போனாலும் ஓடும், மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். அதற்காகவே செய்த பிராசஸரை அதற்கென்று சொல்லி விற்றால் குறையே இல்லை.

மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. டெஸ்க்டாப் பிராசஸர் கழற்றி மாட்டும் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், பொருந்துகிற வேறொன்றைப் போடலாம். 5500யூ போர்டோடு பற்றவைத்தது. விற்ற கடையில் போய்க் கேட்டதற்கு, "ஐ7 தானே கேட்டீங்க, ஐ7 தானே கொடுத்தோம்" என்றார்கள். அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்த பணம் அது.

ஆகவே முழு எண்ணையும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். 5500யூ என்றால் முதலில் வரும் 5தான் தலைமுறை, அதாவது இன்டெல் அடுத்தடுத்து வெளியிட்ட வரிசையில் எத்தனையாவது என்பது. கடைசியில் யூ வந்தால் மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை. ஏழாம் தலைமுறை வரை அந்த வகையில் ஐ7 என்றாலும் இரண்டு கோர்தான். எட்டாம் தலைமுறையில், 2017இல் வந்த ஐ5-8250யூவிலேயே நான்கு கோர் வந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பதும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இப்போது வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு வரி விளம்பரங்களில் 'ஐ7 லேப்டாப், புதிது போல' என்று வாராவாரம் வருகிறது. விளம்பரம் தருபவர்களிடம் முழு மாடல் எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கூடுதலாக ஒரு சொல் அளவு இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.