பெயர் கேட்க மறந்த பெரியவருக்கு

யாங்கோனில் பழைய இரும்புக் கடை வாசலில் என்னோடு பேசிய ஐயாவுக்கு,

தேய்ந்துபோன அரம் ஒன்றைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன். "தம்பி, மரம் செதுக்கவா?" என்று தமிழில் கேட்டீர்கள். அதற்கு முன் நான் செய்த இரண்டு கத்திகளும் தேக்கில் வைத்ததுமே நுனி உடைந்தவை. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, அப்படியே சாணை பிடித்திருந்தேன். அதைச் சொன்னதும் தரையில் குந்தி உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள்.

அரத்தைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவெல்லாம் ஆறவிட வேண்டும். அப்போதுதான் ராவுவதற்கு இளகும். வடிவம் வந்தபின் மறுபடி உலை. காந்தம் ஒட்டாமல் போகும் சூடு, சுமார் 770 டிகிரி, அதைச் சற்றுத் தாண்டியதும் வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் தோய்ச்சல். அதோடு விட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மேலே படிந்த கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சூடான மணலில் மெல்ல வாட்டி, வைக்கோல் நிறம் படர்ந்ததும் எடுக்க வேண்டும். 200 டிகிரிக்குச் சற்று மேலே. இந்தக் கடைசி வேலையைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன்!

அந்த அரம் இப்போது என் கத்தி. தேக்கில் இருக்கும் சிலிக்கா எந்தக் கூர்மையையும் சீக்கிரம் மழுக்கும். ஆனாலும் முருகன் மயிலின் தோகை முழுவதையும் இதில்தான் செதுக்கினேன். நுனி அப்படியே இருக்கிறது.

அரத்துக்கான காசையும் நீங்களே கொடுத்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி ஐயா. அடுத்த உளியை லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் செய்யப் போகிறேன். ஞாயிறு காலையில் அதே கடையில்தான் இருப்பேன்.