மிளகுரசம் என்று எழுதிய அண்ணைக்கு

அன்புள்ள அண்ணைக்கு,

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. வட்ஸப்பில் இரண்டு நீலக்கோடு விழுகிறது, மறுமொழி வருவதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் வாசிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னா. அதனால் கடிதத்தை இங்கேயே போடுகிறேன். நாலு பேர் பார்க்கச் சிரித்தவன் நாலு பேர் பார்க்கத்தானே மன்னிப்பும் கேட்கவேண்டும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர். மாதத்தில் முதல் ஞாயிறு பின்னேரம், பாரிஸுக்குப் பக்கத்துப் பொபினியில் என் வீட்டுக் குசினி மேசையில் கூடுவோம். ஆளுக்கு ஒரு போத்தல் வைன். விலை 10 யூரோவைத் தாண்டக்கூடாது. போத்தலைப் பழைய காலுறைக்குள் நுழைத்துக் கழுத்துவரை இழுத்து, இலக்கம் ஒட்டிவிடுவோம். மணந்து, குடித்து, கொப்பியில் ஆளுக்கு இரண்டு வரி எழுதி முடித்த பிறகுதான் காலுறை கழறும். அண்ணை பாரிஸில் இருபத்தைந்து வருசமாக றெஸ்ரோரன்ட் குசினியில் நிற்கிற ஆள். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அடுப்படியில். எங்கள் ஐந்து மூக்குகளில் உண்மையில் தொழில் தெரிந்த மூக்கு அது ஒன்றுதான்.

போன வருசம் ஒக்டோபர், மூன்றாம் இலக்கம். நான் எழுதியது: "கறுப்புச் செர்ரி, வயலெட் பூ, நல்ல கட்டமைப்பு." நீங்கள் எழுதியது: "மிளகுரசம். காய்ச்சலுக்கு அம்மா வைக்கிறது." அதை நான்தான் சத்தமாக வாசித்தேன். "அண்ணை, இது வைன், ரசச்சட்டியில்லை" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நாலாம் போத்தல் முடிந்ததும் ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். அடுத்த மாதம் வேலை என்றீர்கள். அதற்கடுத்த மாதமும் வேலை.

இப்போது ஒரு உண்மை சொல்லவா? வயலெட் பூவை நான் வாழ்நாளில் ஒருநாளும் மணந்ததில்லை. வைன் புத்தகங்களில் சிரா என்ற திராட்சையின் பெயர் வந்தால் பக்கத்தில் வயலெட் என்று வரும், அதைப் பாடமாக்கி எழுதினேன். அந்தப் போத்தல் ரோன் பள்ளத்தாக்கின் வடக்கிலிருந்து வந்த சிரா. 'கொலின் ரோதானியென்' என்ற பெயரில் விற்பது, 9 யூரோ 20. காலுறை கழறமுதலே அதைச் சிரா என்று நான் பிடித்துவிட்டேன் என்பதுதான் அன்றைக்கு எனக்கு வந்த தலைக்கனத்துக்குக் காரணம்.

இந்த மாசி மாதம் ஒரு மாலைநேர வைன் வகுப்புக்குப் போனேன். படிப்பித்த அம்மா ஒரே சிவப்பு வைனை இரண்டு கிளாஸில் தந்தா. ஒன்று சும்மா, மற்றதில் ஒரு பொருள் துளியளவு கலந்தது. பன்னிரண்டு பேரில் பத்துப்பேர் இரண்டாவதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் "மிளகு!" என்றார்கள். எனக்கும் இன்னொருவருக்கும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. திருப்பித் திருப்பி மணந்தேன். ஒன்றுமில்லை.

அந்தப் பொருளின் பெயர் ரொட்டுண்டோன். சிரா வைனில் வருகிற மிளகு மணத்துக்குக் காரணம் இதுதான் என்று அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். மிளகில் மிளகு மணத்தைத் தருவதும் அதே மூலக்கூறுதான், அண்ணை. 'மிளகு மாதிரி' இல்லை, மிளகேதான். ஒரு லீற்றர் சிவப்பு வைனில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கலந்தாலும் அது மணக்காது. அந்த ஐந்தில் ஒருவன் நான். உங்களைப் பார்த்துச் சிரித்தவனுக்கு மூக்கில்லை, அவ்வளவுதான் கதை.

இன்னொன்றையும் கேளுங்கள். ரொட்டுண்டோன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சைப்பெரஸ் ரொட்டுண்டஸ் என்ற செடியிலிருந்து. எங்கள் கோரைக்கிழங்கு! வயலில் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகிற அதே கோரை, நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த கிழங்காக விற்கிற அதே சாமான். நீங்கள் அன்றைக்கு "ரசத்துக்குப் பின்னாலே ஏதோ மருந்துக்கடை மணமும் வருது" என்று ஒரு வரி எழுதி வெட்டியிருக்கிறீர்கள். வெட்டின கோட்டுக்குக் கீழே அது இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

படித்தவர்கள் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணால் குடிப்பது புதிதில்லை. 2001இல் வந்த ஒரு போர்தோ ஆய்வில், வைன் தொழில் படிக்கிற 54 பேருக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்து எழுதினார்கள். 1976 மே 24ஆம் திகதி பாரிஸில் நடந்த கண்கட்டுப் போட்டி அதைவிடப் பிரசித்தம். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பிரெஞ்சு நடுவர்களுக்கு முன்னால் பெரிய பெரிய பிரெஞ்சு வைன்களோடு கலிபோர்னியாவின் வைன்களையும் பெயர் மறைத்து வைத்தார். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. எங்கள் காலுறைக்கும் இதே வேலைதான், ஆனால் சொற்களுக்குப் போட ஒரு காலுறை எங்களிடம் இருக்கவில்லை.

நீங்கள் வராத மாதங்களில் அந்தக் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். என்னுடைய குறிப்புகளை வைத்து எந்தப் போத்தல் எது என்று எனக்கே பிடிபடவில்லை. எல்லாவற்றிலும் செர்ரி, எல்லாவற்றிலும் கட்டமைப்பு. உங்களுடையதை வாசித்தால் வாய் ஊறுகிறது. அதனால் இனி நல்ல மலிவு வைன் கேட்கிறவர்களுக்கு உங்கள் வரிகளையே கொடுப்பதாக முடிவு. அனுமதி கேட்காமல் சிலவற்றை இங்கே போடுகிறேன், கோபம் ஒன்றோடு ஒன்றாகப் போகட்டும்.

"மழை விட்டபிறகு கிணத்தடிக் கல்லு. கொஞ்சம் உப்பு." இது முஸ்கதே. லுவார் ஆறு கடலைத் தொடுகிற நான்த் நகரத்துப் பக்கத்து வெள்ளை, 6 யூரோ 50. 1709இல் வந்த கொடுங்குளிரில் அந்தப் பக்கத்துக் கொடிகள் செத்துப்போக, குளிர் தாங்கும் என்று மெலோன் என்ற திராட்சையைப் பரவலாக நட்டார்கள். லேபலில் 'சூர் லி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் மண்டியோடே மாரிகாலம் முழுக்கக் கிடந்தது என்று அர்த்தம். அந்த மண்டிதான் தண்ணிபோல இருக்கிற வைனுக்கு ஒரு உடம்பைக் கொடுக்கிறது. இதே தராதரத்துக்குச் சப்ளி என்ற பெயர் ஒட்டினால் விலை இரண்டு மடங்கு. இந்த வைனைச் சிப்பியோடு குடிக்கச் சொல்வார்கள். நீங்கள் பொரித்த நெத்தலியோடு குடித்தீர்கள். நெத்தலிதான் சரி.

"பாண் போறணைக்குப் பக்கத்தாலே சைக்கிளில் போறமாதிரி." கிரேமான் த லுவார். ஷம்பேன் செய்கிற அதே முறையில், போத்தலுக்குள்ளேயே இரண்டாந்தரம் நொதிக்கவிட்டு நுரை உண்டாக்குவது. ஷம்பேன் குறைந்தது 15 மாதம் காத்திருக்கவேண்டும் என்பது சட்டம், கிரேமானுக்கு மண்டியோடு 9 மாதம். அந்தப் போறணை மணம் செத்த ஈஸ்ட் தருவது. 9 யூரோ. கலியாணவீட்டுக்குக் கடன்பட்டு ஷம்பேன் வாங்குகிற எங்கள் சனத்துக்கு இதை யாராவது சொல்லுங்கோ.

"றம்புட்டானும் பன்னீரும். சாமியறையில் வைத்துச் சாப்பிட்டமாதிரி." இதற்கும் அன்றைக்குச் சிரித்தோம். அல்சாஸின் கெவுர்ஸ்திராமினர், 8 யூரோ 90. ரோசாப்பூவுக்கு மணம் கொடுக்கிற ரோஸ் ஒக்சைட் என்ற பொருள் லிச்சியிலும் இருக்கிறது, இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. லிச்சியின் ஒன்றுவிட்ட தம்பிதானே றம்புட்டான். பன்னீர் என்று நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. கொஞ்சம் இனிப்பு மிஞ்சி நிற்கிற வைன் என்பதால் உறைப்புக் கறிக்கு இது ஒத்துப்போகும்.

"கயர். வாழைப்பொத்தி அரிஞ்ச கையை நக்கினமாதிரி." காயோர், கறுப்பு வைன் என்று பெயரெடுத்தது, மல்பெக் திராட்சை, 7 யூரோ. இது பலருக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கும்தான். ஆனால் 'கயர்' என்ற சொல் எனக்குப் பெரிய உதவி. சிவப்பு வைனைக் கயரவைக்கிற பொருளை, தனின் தனின் என்று வகுப்பில் அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினார்கள். நாக்கு சுருங்கி, பல்லு வரண்டுபோகிற அந்த உணர்ச்சிக்கு எங்களிடம் துவர்ப்பு என்று ஒன்று ஆறு சுவைக்குள்ளேயே இருக்கிறது, வாழைப்பொத்தி தின்ற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டுக்கறியோடு இந்த வைனைத் திறந்துவிடாதீர்கள். தனினும் அற்ககோலும் சேர்ந்து மிளகாய் உறைப்பை ஏற்றிவிடும், பிறகு கறியையும் திட்டவேண்டும், வைனையும் திட்டவேண்டும்.

கறிக்கு ஆகிற சிவப்பு என்றால் பொஜொலேதான். அதன் கமே திராட்சைக்குப் பழைய அவமானம் ஒன்று உண்டு. 1395இல் பூர்கோஞ் கோமகன் பிலிப், அதைக் கெட்ட, விசுவாசமில்லாத கொடி என்று சொல்லித் தன் நாட்டில் பிடுங்கச்சொன்னான். தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அது பிழைத்துக்கொண்டது. நவம்பர் மூன்றாம் வியாழனில் வருகிற புதுவைன் கூத்தால் மறுபடி பெயர் கெட்டது. அதனால் எங்களுக்கு லாபம்! பொஜொலேக்குள் பத்து இடங்களுக்குத் தனிப்பெயர் வைத்து விற்க உரிமை இருக்கிறது. மோர்கோன், பிளரி எல்லாம் இப்போது விலை ஏறிவிட்டன. றெஞ்யே, ஷெனா என்ற பெயர்களைத் தேடினால் பத்துக்குள் அகப்படும். அரைமணித்தியாலம் பிரிஜ்ஜில் வைத்துக் குடியுங்கள். கணவாய்க்கறியோடு நீங்கள் எழுதியது ஒரே சொல்: "இன்னொன்று."

லண்டனில் இருக்கிற மச்சான்மார் இதை வாசித்துவிட்டு, இங்கே இந்த விலைக்குக் கிடையாதே என்று கோபிப்பார்கள். அவர்கள் பிழையில்லை. பிரான்சில் ஒரு போத்தலுக்கு மதுவரி ஏறத்தாழ 3 சதம். பிரித்தானியாவில் 2 பவுணுக்கு மேல், அதற்கு மேலே வற் வரி வேறு. கண்ணாடி, தக்கை, லேபல், லொறிக்கூலி எல்லாம் மலிவு வைனுக்கும் விலைகூடிய வைனுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனபடியால் அங்கே 5 பவுண் போத்தலுக்குள் வைனுக்கென்று மிஞ்சுகிற காசு சில்லறை. இன்னும் இரண்டு மூன்று பவுண் கூடப்போட்டால் அந்தக் கூடுதல் வைனுக்குப் போகும். இங்கேயும் அதே கணக்குத்தான்: 3 யூரோவுக்கும் 7 யூரோவுக்கும் இடையில் மலையும் மடுவும், 20க்கும் 40க்கும் இடையில் பெரும்பாலும் பெயர்.

பெயருக்குக் காசு கொடுக்காமல் பெயர்காரனின் பக்கத்துவீட்டில் வாங்கு என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன். ஆனால் ஊரில் ஒற்றைப் பனைக் கள்ளுக்குச் சனம் எத்தனை மைல் சைக்கிள் உழக்கிப் போனது என்று எனக்குச் சொன்னது நீங்கள். எந்தப் பனை, எந்த வளவு என்று பிளாவை வாயில் வைத்ததும் சொல்லுகிற கிழவர்களைப் பற்றிச் சொன்னதும் நீங்கள். அவர்களில் ஒருவரும் வயலெட் பூ என்று சொன்னதாக ஞாபகமில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். கையாக் என்று தென்மேற்கில், துலூஸுக்குக் கிட்ட ஒரு இடம். அங்கே டியுராஸ் என்றொரு திராட்சை, வேறெங்கும் பெரிதாகக் கிடையாது. ரொட்டுண்டோன் நிறைய இருக்கிற திராட்சை என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். யாரும் கேள்விப்படாத பெயர் என்பதால் 6 யூரோ 80க்குக் கிடைத்தது. தலைமூடியில், பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் 'ஆர்' எழுத்து இருக்கிறது, தோட்டக்காரரே அறுவடை செய்து அடைத்தது. இரண்டு போத்தல் வாங்கிவைத்திருக்கிறேன். முதல் போத்தலை நேற்றுத் திறந்தேன். எனக்குச் செர்ரி மட்டும்தான் வந்தது. கொப்பியில் அதைக்கூட எழுதவில்லை.

மற்றதற்குக் காலுறை போட்டாயிற்று. வருகிற ஞாயிறு நாலு மணி. பொபினி மெற்றோவில் இறங்கிப் போன் அடியுங்கோ, லிப்ற் திரும்பவும் பழுது, சாமான் இருந்தால் நான் கீழே வந்து தூக்குகிறேன்.

உங்கள் தம்பி