அந்த 9999 கேம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'டிவி கேம்' நினைவுக் கட்டுரையைப் படித்ததும் கட்டைவிரல் தானாகத் துடித்தது உண்மை. ஆனால் "அந்தக் கால கேம் எல்லாமே ஓடு, குதி, சுடு, அவ்வளவுதான்" என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். மூலப் பெட்டி 1983 ஜூலையில் ஜப்பானில் மூன்றே கேம்களோடு விற்பனைக்கு வந்தது: டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய். அடுத்த பத்துப் பதினோரு வருஷத்தில் அதன் கேம்கள் ஆயிரத்தைத் தாண்டின. நாம் பார்த்தது அதில் ஒரு மூலை. அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்து மூலை.

காரணம், பெட்டியில் செருகும் கேம் கேசட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியால் ஒரே நேரத்தில் 32 கேபி (கிலோபைட்) நிரலையும் 8 கேபி படங்களையும்தான் கேசட்டிலிருந்து பார்க்க முடியும். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் சரியாக அந்த 40 கேபிக்குள் அடங்கியது. இடத்தை மிச்சம் பிடிக்க, மேகத்துக்கு வரைந்த படத்தையே பச்சையாக்கிப் புதராக வைத்தார்கள். இன்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். 40 கேபியைத் தாண்ட வேண்டுமானால், பக்கம் புரட்டுவதுபோல் நினைவகத்தை மாற்றிக் கொடுக்கும் தனி சிப் ஒன்றைக் கேசட்டிலேயே வைக்க வேண்டும். 1988இல் வந்த மூன்றாவது மரியோ 384 கேபி. அதற்கு அந்த சிப் இல்லாமல் முடியாது.

'9999 கேம்' என்று போட்டு மலிவாகக் கேசட் அடித்தவர்கள் பழைய குட்டி கேம்களையே ஏன் திணித்தார்கள் என்பது இப்போது புரியும். எக்ஸைட்பைக், பலூன் ஃபைட், ஐஸ் கிளைம்பர், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி. அப்புறம் அதே கேமை மூன்றாவது ஸ்டேஜில் ஆரம்பித்தால் ஒரு எண், வேகத்தைக் கூட்டினால் இன்னொரு எண். 9999 ஆனது இப்படித்தான். என் கேசட்டில் இருபதாவது எண்ணுக்கு மேல் புதிதாக எதையும் பார்த்த ஞாபகம் இல்லை. விற்ற கடைக்காரரிடம் கேட்டதற்கு, "தம்பி, எல்லாத்தையும் ஆடி முடிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.

(சரி, பலூன் ஃபைட்டைக் குட்டி என்று ஒதுக்க மனமில்லை. அதற்கு நிரல் எழுதிய சடோரு இவாடாதான் பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரானார்.)

நாம் தவறவிட்ட பக்கம் வேறு மாதிரி. 1986இல் வந்த டிராகன் குவெஸ்டில் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசித் துப்புத் திரட்ட வேண்டும். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு அது பூட்டிய வீடு. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர, நீளமான சங்கேத எழுத்துகளைத் தாளில் எழுதி வைப்பார்கள். செல்டா என்ற சாகச கேம் 1987இல் அமெரிக்காவில் கேசட்டாக வந்தபோது, ஆட்டத்தைச் சேமிக்க உள்ளேயே ஒரு பேட்டரி இருந்தது. வாரக்கணக்கில் ஆட வேண்டிய இவற்றை 'ஓடு, குதி, சுடு'வில் எப்படிச் சேர்ப்பது?

இன்னொரு திருத்தம். நம் ஊரில் 'டேங்க் கேம்' என்ற பேட்டில் சிட்டியை அமெரிக்கப் பிள்ளைகளும் நம்மைப்போலவே ஆடி வளர்ந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. நாம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில் வெளியிட்ட அந்த ஃபேமிகாம் கேசட் அமெரிக்கக் கடைகளுக்கு முறைப்படி போகவே இல்லை. நமக்கு அது கிடைத்தது நகல் கேசட்டின் புண்ணியம். திட்டியது போதும், அந்த ஒன்றுக்காக ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

அந்த ஆட்டத்தில் மண்வெட்டியை எடுத்தால், நாம் காக்க வேண்டிய கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் எழும். மூன்று நட்சத்திரம் எடுத்த டேங்க் அந்த இரும்பையும் உடைக்கும். எங்கள் அண்ணன் ஒருநாள் அப்படியே உடைத்து, எங்கள் கழுகையே அடித்துத் தீர்த்தார். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர்.