துணுக்குக்கு அப்பால் ஹிட்ச்காக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொலைக்காட்சிப் பேட்டிகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையில், 1972இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக டிக் கேவட் எடுத்த, திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் பேட்டிக்கும் இடம் கிடைத்தது மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு ஒதுக்கிய ஒரே பத்தியையும் 'நடிகர்கள் மாடுகள்' துணுக்கு விழுங்கிவிட்டது. நடிகர்களை மாடுகள் என்று தாம் சொன்னதேயில்லை, மாடுகளைப் போல நடத்த வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் அவர் கூறுவது ரசிக்கத்தக்கதுதான். எனினும் அது அவர் நெடுநாளாகக் கைவசம் வைத்திருந்த சரக்கு.

அந்தப் பேட்டியில் எனக்குப் பெரிதாகப் படுவது, 'ஃபாரின் கரஸ்பாண்டன்ட்' (1940) படத்தில் விமானம் கடலில் விழும் காட்சியை எடுத்த விதத்தை அவர் விளக்கும் பகுதி. விமானிகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். முன்கண்ணாடியில் கடல் நெருங்கி வருகிறது. மோதிய கணமே தண்ணீர் உள்ளே பாய்கிறது. நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. உண்மையான விமானம் ஒன்றைக் கடலை நோக்கிப் பாயவிட்டு, கடைசி நேரத்தில் மேலே எழச் செய்து படம்பிடித்து, அதை ஸ்டுடியோவில் விமானி அறை செட்டின் முன்னால் மெல்லிய தாளால் செய்த திரையில் பின்புறமிருந்து ஓட்டியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் காத்திருந்தன. சரியான நொடியில் அவற்றைத் திறந்துவிட்டதும் தண்ணீர் தாளைக் கிழித்துக்கொண்டு நடிகர்கள்மேல் கொட்டியது. அது வந்த வேகத்தில் தாள் கிழிந்தது எவர் கண்ணிலும் படவில்லை.

கேவட் நகைச்சுவை எழுத்தாளராக இருந்து பேட்டியாளரானவர். சிரிக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை. விருந்தினரோ தமது 'ஃபிரென்ஸி' படத்தின் விளம்பரத்தையொட்டி வந்தவர். இருவருமாகச் சேர்ந்து சிரிப்பிலேயே நேரத்தைக் கடத்தியிருக்கலாம் என்ற நிலையில், ஒரு ஷாட் உருவான விதத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததைத்தான் கட்டுரையாளர் முதலில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

தொடர் நீளுமானால், 1971இல் கேவட் ஸ்டாக்ஹோம் சென்று ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனுடனும், பின்னர் உடன் வந்து அமர்ந்த நடிகை பீபி ஆண்டர்சனுடனும் நடத்திய உரையாடலைப் பற்றியும் விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.