உன் பழைய ஹார்ட் டிஸ்க் பற்றி

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி கேட்பதற்குள் நீ பதறிவிடுவாய் என்பதால்தான் கடிதம். முதலில் இதைத் தெரிந்துகொள்: ஆச்சியின் பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் அரை விநாடி போய்விட்டது.

போன வாரம் ஆச்சிக்குத் திதி. இலை எடுத்த பிறகு உன் அம்மா, "அத்தை பாடியதைக் கொஞ்சம் போடுங்கள்" என்றாள். கல்லூரிக் கடைசி வருடத்தில் நீ வாங்கிய அந்தக் கறுப்பு டிஸ்க்கைப் பீரோவிலிருந்து எடுத்து மடிக்கணினியில் சொருகினேன். விளக்கு எரிந்தது, உள்ளே சுழலும் ஓசையும் கேட்டது. பிறகு டிக், டிக், டிக் என்று ஒரு தட்டல். சிறிது அமைதி. மறுபடியும் அதே தட்டல். திரையில், டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா, அதாவது வெறுமையாக்கிப் புதிதாக்கட்டுமா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. வேண்டாம் என்று மூடிவிட்டுக் கேபிளை உருவினேன். உனக்கு அந்தக் கேள்வி எப்போது வந்தாலும் பதில் அதுவாகவே இருக்கட்டும்.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பழுது பார்த்தவன் நான். கருவியைத் திறக்கும் முன் லைனைப் பார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்குத் தனி மின்சாரம் கிடையாது, சுழலும் மோட்டாருக்கும் சேர்த்து யுஎஸ்பி துளையிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. உள்ளே தகவலைத் தாங்கிச் சுழலும் வட்டத் தட்டு நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு அதுவே போதாமல் போவதுண்டு. கேபிள் நைந்திருந்தாலோ, நடுவில் ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப் வைத்திருந்தாலோ, நல்ல டிஸ்க்கும் வேகம் எடுக்க முடியாமல் தட்டும். ஆகவே புதுக் கேபிள் வாங்கி, மாடியில் இருக்கும் பெரிய கணினியின் பின்பக்கத் துளையில் நேராக மாட்டினேன். தட்டல் நின்று, உன் பெயரோடு டிஸ்க் திரையில் தெரிந்தது. ஆனால் ஒரு ஃபோல்டர் திறக்க நான்கு நிமிடம் ஆயிற்று. லைனிலும் பழுது, கருவியிலும் பழுது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அதை ஸ்மார்ட் என்பார்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அது மஞ்சள் நிறம் காட்டியது. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். தட்டில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களைச் செக்டர் என்பார்கள். கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள் எத்தனை என்பது ஒன்று. படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை எத்தனை என்பது மற்றொன்று. எண் சிறிதாக இருந்து அப்படியே நின்றால் சில டிஸ்க்குகள் வருடக்கணக்கில் ஓடும். எனக்குக் கவலை தந்தது, மாலையில் பார்த்த இரண்டாவது எண் காலையில் கூடியிருந்ததுதான். அதன் பிறகு வேறு எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. சாகும் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் மிச்ச ஆயுளிலிருந்து போகிறது. அந்த ஆயுளை நகல் எடுக்க மட்டுமே செலவழிக்க வேண்டும்.

இதற்குள் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். செக் டிஸ்க் ஓட்டுங்கள் என்றார் ஒருவர். அது கோப்புகளின் அட்டவணையைச் சீர்செய்யும் கருவி, அதற்காக டிஸ்க்கின் மேலேயே எழுதும். இடிந்து விழும் வீட்டுக்குள் ஆட்கள் இருக்கும்போது சுவரைப் பூசுவதற்குச் சமம். ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார் இன்னொருவர். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், அத்தோடு கதை முடிந்தது. கழற்றிப் பார்க்கலாம் என்றவரிடம் மட்டும் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். நம் வீட்டுக் கூடத்துக் காற்றில் மிதக்கும் தூசு ஒன்று அங்கே விழுந்தால் என்ன ஆகும் என்று நீயே எண்ணிப்பார்.

புதிதாக 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு நகல் எடுத்தேன். சாதாரணமாக நகல் எடுத்தால், கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கருவி அப்படியில்லை. சுலபமாக வருவதை முதலில் வாரிக்கொள்கிறது, அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில்தான் திரும்பி வருகிறது. எது வந்தது, எது பாக்கி என்று தனிக் கோப்பில் குறித்தும் வைக்கிறது. இரண்டாம் நாள் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் ஓய்ந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது அதனால்தான். இதில் பயங்கரமான தவறு ஒன்று உண்டு: எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால், வெறும் டிஸ்க்கின் வெறுமை உன் டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். இரண்டு டிஸ்க்கிலும் காகிதம் ஒட்டி 'பழையது', 'புதியது' என்று எழுதி, வரிசை எண்களையும் திரையோடு மூன்று முறை ஒப்பிட்ட பிறகே பொத்தானைத் தட்டினேன்.

மூன்று இரவு ஓடியது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுத்தேன். மறுபடி தட்டல் கேட்டிருந்தால் அந்தக் கணமே நிறுத்தி, தூசு புகாத அறை வைத்து டிஸ்க்கைத் திறக்கும் இடத்துக்கு அனுப்பியிருப்பேன். செலவு அதிகம்தான், ஆச்சியின் குரலுக்காகச் செய்திருப்பேன்.

குற்றாலத்தில் எடுத்த படங்களில் சில பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகிவிட்டன. ஜேபெக் படத்தில் நடுவில் ஒரு துண்டு போனாலும் அதன் பிறகு வருவதெல்லாம் குலைந்துவிடும். எம்பி3 பாட்டு அவ்வளவு மென்மையானது அல்ல, போன துண்டைத் தாண்டி மேலே பாடும். உன் டிஸ்க்கில் ஒரு செக்டர் 4096 பைட். நீ பதிவு செய்த 128 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் அது கால் விநாடிப் பாட்டு. தாலாட்டில் அடுத்தடுத்து இரண்டு செக்டர்கள் வரவில்லை.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின் படங்களெல்லாம் ஒரே டிஸ்க்கில் இருப்பதாகச் சொன்னாய். அது சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்றும் சொன்னாய். அது தட்டி எச்சரிக்காது அம்மா, ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடலாம். போன் தானாக இணையத்தில் ஏற்றிக்கொள்வதையும் நகலாக எண்ணாதே, இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடலாம். இந்த வாரமே இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் போட்டு, வேறொரு வீட்டில் கொடுத்து வை.

மீட்டதையெல்லாம் ஒரு டிஸ்க்கில் போட்டுச் சித்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு நகல் இங்கே இருக்கிறது. பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன்.

அந்த அரை விநாடி விழுந்தது, மாமன் கொண்டுவரும் சீரை ஆச்சி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் இடத்தில். வெள்ளிச் சங்குக்கு அடுத்தது கேட்கவில்லை. நானும் அம்மாவும் பலமுறை போட்டுக் கேட்டுவிட்டோம். நானும் அந்தத் தாலாட்டில் தூங்கியவன்தான், ஆனால் எனக்கு நினைவு வரவில்லை. நீ அவள் எதிரில் உட்கார்ந்து பதிவு செய்தவள். உனக்கு நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா