பாலைவனத்தில் பனிக்காலம்: நாட்களைத் தீர்மானிப்பது தாங்கிதான்

ஆசிரியருக்கு,

பனிக்காலத்தை ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் அரிசோனாப் பக்கம் கழிக்கும் ஓய்வுபெற்றவர்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை ஆசையைக் கிளப்பும்படி இருந்தது. ஆனால் பாலைவனம் என்றால் சூடு, நிலத்துக்கு வாடகை இல்லை, விரும்பிய நாள்வரை இருக்கலாம் என்ற அதன் தொனியை நம்பி வண்டி வாங்கிப் புறப்படுகிறவர்கள் நான்காம் நாளே திண்டாடுவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் தாங்கி எவ்வளவு பெரியது, விடியற்காலையில் பற்றரியில் எவ்வளவு மின்சாரம் மிஞ்சியிருக்கிறது, இந்த இரண்டும்தான் அங்கே ஒரு சோடி எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. கட்டுரையில் இரண்டுமே இல்லை.

முதலில் இடம். அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் பி.எல்.எம். எனப்படும் அமெரிக்க நில முகாமைத்துவப் பணியகத்துக்கு உரியது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கட்டணமில்லாமல் 14 நாள் தங்கும் வெட்டவெளி. பிறகு 25 மைலுக்கு அப்பால் நகர வேண்டும். மற்றது, நீண்டகாலத் தங்குமிடங்கள். குவார்ட்சைட்டுக்குத் தெற்கே லா போசாவும், யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் டாமும் இவற்றில் பெயர் பெற்றவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் இருக்கலாம். பல ஆண்டுகளாக முழுப் பருவத்துக்கும் 180 டொலர், 14 நாளுக்கு 40 டொலர் என்று இருந்தது. புறப்படுமுன் அப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டிலும் பொதுவான குடிநீர்க் குழாயும், கழிவு கொட்டும் இடமும், குப்பைத் தொட்டியும் இந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கே வரும் தண்ணீர்க் குழாயோ மின் இணைப்போ கிடையாது. இலவசம் என்று வெட்டவெளிக்கு ஓடுகிறவர்கள் தண்ணீருக்கும் கழிவு கொட்டவும் ஊருக்குள் காசு கொடுத்து, போகவரப் பெற்றோலும் எரித்து, கடைசியில் கிட்டத்தட்ட அதே தொகையைத்தான் செலவழிக்கிறார்கள்.

வண்டியில் மூன்று தாங்கிகள் உண்டு: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குசினியும் குளியலறையும் விடும் சாம்பல்நிறத் தண்ணீருக்கு ஒன்று, மலசலத்துக்கு ஒன்று. நடுத்தர வண்டியில் சாம்பல்நீர்த் தாங்கி ஏறத்தாழ 120 லீற்றர் கொள்ளும். ஆர்.வி. ஷவர் நிமிடத்துக்குச் சுமார் 6 லீற்றர் விடும். இரண்டு பேர் ஐந்தைந்து நிமிடம் குளித்தால் 60 லீற்றர். இரண்டாம் நாள் தாங்கி நிரம்பி, குளிக்கும் தட்டிலேயே அழுக்குத் தண்ணீர் எதிர்த்து மேலே வரும். உடம்பை நனைத்துவிட்டு அடைத்து, சவர்க்காரம் போட்டு, மறுபடி திறந்து கழுவினால் ஆளுக்கு 6 முதல் 8 லீற்றர் போதும். சுடுதண்ணீர் வரும்வரை ஓடும் குளிர்ந்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு பேருக்கு நாளுக்கு 15 முதல் 20 லீற்றருக்குள் அடக்கலாம். அதே தாங்கி ஆறு, ஏழு நாள் தாங்கும். சாம்பல்நீரை மணலில் திறந்துவிடலாம் என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்லக்கூடும். நீண்டகாலத் தங்குமிடங்களில் அது சட்டவிரோதம்.

எங்கள் சமையலுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, பருப்பும் தேங்காய்ப்பாலும் ஒட்டிய சட்டி எல்லாம் அந்தத் தாங்கிக்குள் போனால் மாவும் கொழுப்பும் சுவரில் படிந்து புளிக்கும். மூன்றாம் நாள் வருகிற நாற்றத்தை மலத்தாங்கியின் நாற்றம் என்று நினைத்து வீணாக மருந்து ஊற்றுவார்கள். தாங்கியின் அளவு காட்டும் கருவியின் முனைகளிலும் அந்தப் படிவு ஒட்டிக்கொள்வதால், வெறுந்தாங்கியையும் முக்கால்வாசி நிரம்பியதாகக் காட்டும். சட்டியைக் கடதாசியால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே கழுவுங்கள். சோற்றைப் பிரஷர் குக்கரில் வையுங்கள்: வடிக்க வேண்டியதில்லை, காஸும் மிச்சம். இடியப்பம், புட்டு அவிக்கும்போது கூரை விசிறியையும் ஒரு யன்னலையும் கொஞ்சம் திறக்காவிட்டால் ஆவி குளிர்ந்த சுவரில் வியர்த்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

மலத்தாங்கியில் பலரும் விடும் பிழை, தண்ணீரைச் சிக்கனப்படுத்துவது. கொட்டி முடித்ததும் 8 முதல் 10 லீற்றர் தண்ணீரை உள்ளே ஊற்றிய பிறகே பாவிக்கத் தொடங்க வேண்டும். கழிவுக்குழாய் இணைப்பு உள்ள ஆர்.வி. பார்க்குகளில் வால்வைத் திறந்தே வைத்தால் திரவம் ஓடிவிடும், திண்மம் குழாய்க்கு நேர்கீழே கோபுரமாகக் குவிந்து இறுகிவிடும். அதை உடைக்கத் தனியாக ஆள் பிடிக்க வேண்டிவரும். ஆகவே வால்வு மூடியே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் முதலில் இதைக் கொட்டி, பிறகு சாம்பல்நீரைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கடதாசிக்குப் பதில் தண்ணீரால் கழுவும் நம்மவர் பழக்கம் இதற்கு நல்லதுதான், அடைப்பு குறையும். தாங்கி மட்டும் சற்று வேகமாக நிரம்பும். நல்ல தண்ணீர் பிடிக்கும் வெள்ளைக் குழாயைக் கழிவு கொட்டும் இடத்தில் கையிலே எடுக்கவும் கூடாது.

இனி இரவு. குவார்ட்சைட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரம். ஜனவரிப் பகலில் 18, 19 பாகை செல்சியஸ் இருக்கும். இரவில் 4, 5 பாகைக்கு இறங்கும். காற்றில் ஈரமில்லை, வானத்தில் முகிலில்லை, அதனால் சூரியன் விழுந்ததும் நிலத்தின் சூடு வேகமாகப் போய்விடும். வண்டியின் ஹீற்றர் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் விசிறி 12 வோல்ட் பற்றரியில்தான் சுற்றுகிறது. மணிக்கு 30,000 பி.ரி.யு. (வெப்ப அலகு) தரும் ஹீற்றர் ஒன்று ஓரிரவில் மொத்தம் ஐந்து மணிநேரம் எரிந்தால், 20 இறாத்தல் சிலிண்டர் மூன்று இரவோடு முடிந்துவிடும். விசிறி 8 ஆம்பியர் இழுத்தால் ஐந்து மணிநேரத்தில் 40 ஆம்பியர்-மணி போய்விடும். நூறு ஆம்பியர்-மணி ஈய-அமில பற்றரியில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம். ஒன்றுமே போடாவிட்டாலும் காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியும் குளிர்சாதனப்பெட்டியின் மின்பலகையும் நாளுக்கு 15 முதல் 25 ஆம்பியர்-மணி குடித்துக்கொண்டிருக்கும். கூட்டிப் பாருங்கள்.

பற்றரி இறங்கியதும் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹீற்றருக்குள் ஸெயில் சுவிட்ச் என்றொரு மெல்லிய தகடு இருக்கிறது. விசிறிக் காற்று போதிய வேகத்தில் தள்ளினால்தான் அது மூடி, காஸ் திறக்கும். வோல்ட் குறைந்து விசிறி மெதுவாகச் சுற்றினால் தகடு மூடாது, நெருப்பு பற்றாது. ஆனால் விசிறி மட்டும் குளிர்காற்றை ஊதியபடியே மிச்ச மின்சாரத்தையும் தின்றுவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு ஹீற்றர் பழுது என்று நினைக்கப்படுவதில் பெரும்பகுதி இதுதான். மீட்டரில் பாருங்கள்: ஒன்றும் ஓடாத நிலையில் 12.2 வோல்ட் என்றால் பாதி முடிந்துவிட்டது. வோல்ட் சரியாக இருந்தும் எரியாவிட்டால் எரிகுழாயில் சிலந்தி வலையா, ஸெயில் சுவிட்சில் தூசா, நாய்மயிரா என்று பார்க்கலாம்.

தீர்வு பெரிய ஜெனரேற்றர் அல்ல. தங்குமிடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போடக்கூடாது, குளிர் வருவதும் அந்த நேரத்தில்தான். படுக்கும்போது ஹீற்றரை 10, 12 பாகைக்கு இறக்கி, நல்ல போர்வை பாவியுங்கள். கூரைத் துவாரங்களுக்குப் பஞ்சுத் தலையணை அடையுங்கள். மின்சாரம் வேண்டாத, புரொப்பேனில் சுடரில்லாமல் எரியும் கற்றலிற்றிக் ஹீற்றர் ஒன்று மாலை நேரத்துக்கு நல்ல துணை. ஆனால் அது அறைக்குள்ளேயே ஒட்சிசனை எடுத்து, ஒரு கிலோ புரொப்பேனுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியை விடுகிறது. யன்னலில் இரண்டு விரல் இடைவெளியும் காலாவதியாகாத கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் அதைக் கொளுத்தாதீர்கள். அதை எரியவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

சோலார் விற்பவர்கள் சொல்லும் கணக்கு கோடைக்காலக் கணக்கு. டிசம்பரில் அங்கே நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 33, 34 பாகையளவுக்குத்தான் ஏறும். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் 400 வாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ ஒரு கிலோவாட்-மணி, அதாவது 80 ஆம்பியர்-மணி தரும். தெற்கு நோக்கி 50, 55 பாகை நிமிர்த்தினால் அதில் ஒன்றரை மடங்கு கிடைக்கும்; காற்று எழும்பினால் உடனே படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு பிய்ந்து போகும். லித்தியம் பற்றரிக்கு மாறுகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். செல் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி கெடும். ஆகவே வண்டியின் முன்மூக்கில் வெளியே வைக்காமல் உள்ளே வையுங்கள். வெளிமின்சாரத்தில் பற்றரியை ஏற்றும் பழைய கொன்வேட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடுவதால் அதை நிரப்பாது; 14.2க்கு மேல் தரும் ஒன்று வேண்டும். எஞ்சினின் ஒல்ரனேற்றரை நேரடியாக இணைத்தால் அது சூடேறி எரியும், இடையில் மின்னோட்டத்தை அளவாக விடும் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று அவசியம்.

வெப்பநிலையை வரைபடத்தில் தேடுவதைவிட உயரத்தில் தேடுவது நல்லது. 300 மீட்டர் ஏறினால் சுமார் இரண்டு பாகை குறையும். அரிசோனா முழுவதும் ஒன்று என்று நினைத்து ஜனவரியில் பிளாக்ஸ்டாஃப் போகிறவர், 2,100 மீட்டர் உயரத்தில், பூச்சியத்துக்குக் கீழ் 8 பாகை இரவில் குழாய் வெடிக்க நிற்பார். கிராண்ட் கன்யனின் தெற்கு விளிம்பும் அதே உயரம்தான். டிசம்பர், ஜனவரியில் யூமா, குவார்ட்சைட், டெத் வலி (Death Valley) பள்ளத்தாக்கின் அடித்தளம், பெப்ரவரி கடைசியில் ரூசோன், ஏப்ரலில் மேலே. ரொறன்ரோவிலிருந்து இறங்கும்போதும் இதே கணக்கு. அல்புகேர்க்கி, பிளாக்ஸ்டாஃப் வழியாகப் போகும் 40ஆம் நெடுஞ்சாலை உயரமானது. எல் பாசோ வழியாகப் போகும் 10ஆம் நெடுஞ்சாலை நீளம் கூடினாலும் பனி குறைவு. நவம்பரில் புறப்பட்டால் சுடுநீர்த் தாங்கியை பைபாஸ் செய்து, 8 முதல் 12 லீற்றர் இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸ் குழாய்களில் நின்றபடியே தெற்கு ரெக்சாஸ் வரை போங்கள். அதுவரை குடிக்கப் போத்தல் தண்ணீர். சேர்ந்தபின் 57 லீற்றருக்குக் கால் கப் பிளீச் என்ற அளவில் தாங்கியை நிரப்பி, சில மணிநேரம் ஊறவிட்டு, மணம் போகும்வரை அலசுங்கள்.

புழுதிப் புயலில் மாட்டினால் அரிசோனாவின் விதி எங்கள் பழக்கத்துக்கு நேரெதிர்: வீதியை விட்டு முற்றாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதை ஓடும் வண்டி என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதுவார். அந்தப் புழுதியில் வலி ஃபீவர் (Valley fever, பள்ளத்தாக்குக் காய்ச்சல்) என்ற நுரையீரல் தொற்றைத் தரும் பூஞ்சையும் உண்டு. மூச்சில் போய் ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், விடாத இருமல், பெரும் களைப்பு வரும். முதியோருக்கும் நீரிழிவுக்காரருக்கும் இது கடுமையாகலாம். ஸ்காபரோவில் இருக்கும் குடும்ப மருத்துவருக்கு இது முதலில் நினைவுக்கு வராது. நீங்களே அரிசோனாவில் இருந்து வந்தோம் என்று சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கறிவேப்பிலை பற்றியும் ஒரு வார்த்தை. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால், பச்சைக் கறிவேப்பிலையை எல்லையில் பறித்துவிடுவார்கள். கலிபோர்னியாவுக்குள் நுழையும்போது பிளைத், நீடில்ஸ் சோதனைச் சாவடிகளிலும் செடியும் பழமும் கேட்பார்கள். சாடியில் செடி கொண்டுபோகும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

கடதாசி வேலை: ஒன்ராறியோவில் ஒஹிப் எனப்படும் மாகாண மருத்துவக் காப்புறுதி நிலைக்க, எந்த 12 மாதத்திலும் 153 நாள் இங்கே இருக்க வேண்டும். அமெரிக்க வரித்துறை நீங்கள் அங்கே இருந்த நாட்களை எண்ணும்போது இவ்வாண்டு நாட்களோடு சென்ற ஆண்டின் மூன்றிலொன்றும் அதற்கு முந்தியதன் ஆறிலொன்றும் சேரும். மொத்தம் 183ஐ எட்டினால் வரிக்கு அங்கே வசிப்பவராகக் கருதுவார்கள்; இவ்வாண்டு நாட்கள் மட்டும் 183க்குக் குறைவாக இருக்கும் பட்சத்தில், கனடாவோடுதான் நெருங்கிய தொடர்பு என்று காட்டும் 8840 படிவம் அனுப்பலாம். 2025 ஏப்ரல் 11 முதல், தரைவழி போய் 30 நாள் அல்லது அதற்கு மேல் தங்குகிறவர்கள், எல்லையில் ஐ-94 என்ற வருகைப் பதிவு கிடைக்காவிட்டால், தாங்களே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு ஒஹிப் தருவது நாளுக்கு உச்சமாக 400 கனேடிய டொலர், அங்குள்ள கட்டணத்துக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. பயணக் காப்புறுதி வாங்கும்போது ஸ்திர நிலை விதியை வாசியுங்கள்: புறப்படுமுன் அவர்கள் குறித்த நாட்களுக்குள் இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றியிருந்தால்கூட அந்த நோய்க்கான கோரிக்கையை மறுக்கலாம். மருத்துவரிடம் போவதென்றால் கோடையிலேயே போய்விடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ரயரின் பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 1819 என்றால் 2019இன் 18ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பூ (வரிப்பள்ளம்) தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஆறு, ஏழு ஆண்டு தாண்டிய ரயரில் பாலைவனத்துக்குப் போகக்கூடாது. பிறகு செப்டம்பரில் ஒன்ராறியோ மாகாணப் பூங்கா ஒன்றில் மின் இணைப்பு இல்லாத இடமாகக் கேட்டு எடுத்து, நாலு இரவு தங்குங்கள். எந்தத் தாங்கி முதலில் நிரம்புகிறது, காலையில் மீட்டர் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று குறித்துவையுங்கள். வண்டியில் எதை மாற்ற வேண்டும் என்பது அப்போதே தெரியும். பழுது பார்க்கும் கடைகளும் அந்த மாதத்தில் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தம்பதியர்,
ஸ்காபரோ